பழைய சில்வராடோவில் 3.42 ஆக்சிலை எடுத்துவிட்டு 4.10 போடலாமா?

நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2002 செவர்லே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8 என்ஜின், நான்கு கியர் உள்ள 4எல்60ஈ ஆட்டோமேட்டிக், பின் சக்கர ஓட்டம் மட்டும். பின் ஆக்சிலில் 3.42 ரேஷியோ. ஐயாயிரம் பவுண்டு ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு வட கரோலினாவின் ஐ-40 சாலையில் போகும்போது, சின்னச் சின்ன மேடுகளில்கூட வண்டி மூன்றாவது கியருக்கும் நான்காவது கியருக்கும் நடுவே மாறி மாறித் தாவுகிறது. ஓல்ட் ஃபோர்ட் மலையேற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கி அலறுகிறது. பக்கத்துக் காயலான் கடையில் 4.10 ஆக்சில் ஒன்று முழுசாகக் கிடைக்கிறது. அதை அப்படியே மாட்டிவிடலாமா, இருக்கிற ஆக்சிலுக்குள் பல்சக்கரங்களை மட்டும் மாற்றுவது நல்லதா, 3.73 போதுமா, ஸ்பீடோமீட்டர் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டலாம். உங்கள் நிலைமைக்கு முழு ஆக்சிலாக மாற்றுவதுதான் நல்லது என்பது என் கருத்து. ஆனால் அது சரியான வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்க வேண்டும். காசு கொடுப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். மாட்டிய கையோடு வண்டியின் கம்ப்யூட்டரில் புதிய ரேஷியோவை எழுதிவிட வேண்டும். ஸ்பானர் பிடிக்கிற வேலை ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய வாரம் நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம். 3.42 என்றால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வருகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.42 சுற்று சுற்ற வேண்டும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் கிரவுன், பினியன் என்று சொல்வோமே, அந்த இரண்டின் பற்களை வகுத்தால் வருகிற எண் அது. கிரவுனை அமெரிக்காவில் ரிங் கியர் என்பார்கள். உங்கள் ஆக்சிலில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 12 பல். 3.73 ஆக்சிலில் அதே 41-க்கு 11. 4.10 ஆக்சிலில் 41-க்கு 10. கிரவுனின் பல் எண்ணிக்கை மாறவில்லை, பினியன் மட்டும் ஒவ்வொரு பல்லாகச் சிறுத்துக்கொண்டே வருகிறது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காயலான் கடையில் நிற்கும்போது உதவும்.

இப்போது 3.73-ஆ 4.10-ஆ என்ற கேள்வி. என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும், அதாவது ஆர்பிஎம் எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆக்சில் ரேஷியோவால் பெருக்கி, கியர் ரேஷியோவால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுக்க வேண்டும். 245/75ஆர்16 டயர் ஏறக்குறைய 30.5 அங்குலம் வரும். 4எல்60ஈ கியர்பாக்ஸில் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது நேரடியாக 1, நான்காவது 0.70.

நான்காவது கியரில் 65 மைல் வேகத்தில் போனால் 3.42 ஆக்சிலோடு என்ஜின் சுமார் 1,710 ஆர்பிஎம்மில் இருக்கும். 3.73 போட்டால் 1,870. 4.10 போட்டால் 2,055. அதாவது 3.42-லிருந்து 3.73-க்குப் போனால் 9 சதவீதம் ஏற்றம், 4.10-க்குப் போனால் 20 சதவீதம். ஆக்சிலைக் கழற்றி மாட்டுகிற உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். அதே டயரோடு ட்ரெய்லர் இழுக்கிறவருக்கு 9 சதவீதத்துக்காக இந்தப் பாடு படுவது கட்டுப்படியாகாது. பெரிய டயர் போட்டவர்களின் கதை வேறு. 285/75ஆர்16 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட 32.8 அங்குலம் ஆகிவிடும், உங்கள் 3.42 அப்போது 3.18 போல நடந்துகொள்ளும். பழைய நிலைக்குத் திரும்ப 3.68 வேண்டும், ஆக 3.73 அவர்களுக்குக் கச்சிதம். நீங்கள் டயரை மாற்றவில்லை என்பதால் 4.10 என்கிறேன்.

ஆனால் 4.10 போட்டுவிட்டால் ஓல்ட் ஃபோர்ட் மலையை நான்காவது கியரில் ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி, சாமான், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆறு சதவீத ஏற்றத்தில் 65 மைல் வேகத்தில் அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே 104 குதிரைத்திறன் போய்விடும். காற்றுக்கும் டயர் உருள்வதற்கும் என் மதிப்பில் இன்னும் ஒரு 60 வேண்டும். ஆக 165 பக்கம். உங்கள் என்ஜினின் உச்ச டார்க், அதாவது சுழற்றுகிற விசை, 4,000 ஆர்பிஎம்மில் 325 பவுண்டு-அடி. அந்த உச்சம் எல்லா ஆர்பிஎம்மிலும் கிடைக்கிறது என்று தாராளமாக எடுத்துக்கொண்டால்கூட, 4.10 ஆக்சிலோடு நான்காவது கியரில், 2,055 ஆர்பிஎம்மில், 127 குதிரைத்திறனுக்கு மேல் வராது. மலை அதை விழுங்கிவிடும்.

மூன்றாவது கியரில்தான் வித்தியாசம் தெரியும். இப்போது 3.42-உடன் மூன்றில் 65 மைல் என்றால் 2,450 ஆர்பிஎம். அதே தாராளக் கணக்கில் 151 குதிரைத்திறன்தான் தேறும், போதாது. அதனால்தான் உங்கள் வண்டி வேகம் இழந்து இரண்டாவதுக்கு இறங்கி அலறுகிறது. 4.10-உடன் அதே மூன்றாவது கியர் 2,935 ஆர்பிஎம்மில் சுற்றும். உச்சக் கணக்கில் 181 வருகிறது, நிஜத்தில் கொஞ்சம் குறையும் என்றாலும் மூன்றிலேயே மூச்சுப் பிடித்து ஏறிவிடும். கீழே சமவெளியில் வருகிற சின்ன மேடுகளில் நான்காவது கியரும் இப்போதைவிட நன்றாகத் தாங்கும், அந்தத் தாவல் பெருமளவு அடங்கும். நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான், இதுவே பெரிய நிம்மதி.

கியர்பாக்ஸுக்கும் நல்லது. சக்கரத்தில் அதே இழுவை வேண்டும் என்றால், 4.10 ஆக்சில் இருக்கும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் போக வேண்டிய டார்க் 17 சதவீதம் குறைகிறது. 4எல்60ஈ கியர்பாக்ஸில் மூன்றையும் நான்கையும் பிடிக்கிற கிளட்ச் பேக்தான் முதலில் கருகும் என்பது அதைப் பிரித்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ட்ரெய்லரோடு மூன்று, நான்கு என்று தாவிக்கொண்டே இருப்பது அந்தக் கிளட்சைத்தான் தேய்க்கிறது. அதனால் ஆக்சில் வேலை முடிகிறவரை, தயவுசெய்து, ட்ரெய்லர் கட்டும்போது லீவரை மூன்றில் வைத்தே ஓட்டுங்கள். பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

சுமை இல்லாமல் நெடுஞ்சாலையில் போகும்போது என்ஜின் எப்போதும் 20 சதவீதம் அதிகமாகச் சுற்றும், அதற்கான பெட்ரோல் செலவும் சத்தமும் கட்டாயம் உண்டு. வருஷத்துக்கு நாலு தடவை மட்டும் ட்ரெய்லர் இழுக்கிறவர் என்றால் நான் ஆக்சிலைத் தொடவே வேண்டாம் என்பேன். நீங்கள் வாரா வாரம் இழுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இனி முழு ஆக்சிலா, உள்ளே இருக்கிற கிரவுன் பினியனை மட்டும் மாற்றுவதா என்பது. உங்கள் வண்டியில் இருப்பது செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் 8.6 அங்குல ஆக்சில், பின்மூடியில் பத்து போல்ட் இருப்பதால் டென் போல்ட் என்பார்கள். இந்த வகையில் 2.73-க்கு மேற்பட்ட எல்லா ரேஷியோவுக்கும், கிரவுனைத் தாங்கிச் சுற்றுகிற டிஃபரன்ஷியல் கேரியர் ஒன்றே. ஆகவே கேரியரை மாற்றாமல் பல்சக்கரங்களை மட்டும் மாற்ற முடியும். ஆனால் செய்கிற கை தேர்ந்த கையாக இருக்க வேண்டும்.

பினியன் எவ்வளவு உள்ளே உட்காருகிறது என்பதை ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே உள்ள லூஸ், அதாவது பேக்லாஷ், புதுப் பல்லுக்கு வழக்கமாக ஆயிரத்தில் ஆறிலிருந்து பத்து அங்குலம் இருக்க வேண்டும், டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க முடியும். பினியன் பேரிங்கின் இறுக்கத்தை நசுங்குகிற ஸ்லீவ் ஒன்று தீர்மானிக்கிறது, கொஞ்சம் கூட இறுக்கிவிட்டால் அந்த ஸ்லீவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும். கடைசியில் பல்லில் மஞ்சள் பெயின்ட் போலிருக்கும் பேஸ்டைத் தடவிச் சுற்றி, எந்த இடத்தில் பல் பல்லைத் தொடுகிறது என்று படிக்க வேண்டும். பிரஸ், டயல் கேஜ், இஞ்ச்-பவுண்டில் காட்டுகிற டார்க் ரெஞ்ச் எல்லாம் வேண்டும். தெரிந்த கடையில் கொடுத்தால் உதிரியும் கூலியும் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

முழு ஆக்சிலாக மாற்றும்போது இந்தத் தலைவலி எதுவும் இல்லை. தொழிற்சாலையில் அமைத்த பல் அமைப்பு இத்தனை வருஷம் ஓடி ஒன்றுக்கொன்று பழகி அப்படியே வருகிறது. கழற்றுவது, தூக்குவது, மாட்டுவது, பிரேக்கில் காற்று எடுப்பது, அவ்வளவுதான். பழைய ஆக்சில் கெட்டிருக்கலாம் என்பது ஒன்றே அதில் உள்ள ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் எந்த வண்டியின் ஆக்சில் என்று கேளுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். காயலான் கடையில் டாஹோ, யூகான், சபர்பன் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். உங்கள் சில்வராடோவின் அதே தலைமுறை, அதே 8.6 ஆக்சில். ஆனால் 2000 முதல் 2006 வரையிலான அந்த அரை டன் எஸ்யூவிகளுக்குப் பின்னால் காயில் ஸ்பிரிங். அவலாஞ்ச் 1500-உம் அப்படியே. உங்கள் வண்டிக்கு லீஃப் பட்டை, அதாவது அடுக்குப் பட்டை ஸ்பிரிங். அந்த ஆக்சிலில் பட்டை உட்காருகிற மேடை இருக்காது. வெல்டிங் வைத்து மேடை போடலாம்தான், ஆனால் போடும்போது பினியன் பார்க்கிற கோணம் கொஞ்சம் தவறினாலும் வேகமெடுக்கும்போது வண்டி நடுங்கும். உங்களுக்கு அது வேண்டாம். சில்வராடோ 1500 அல்லது அதன் இரட்டையான ஜிஎம்சி சியரா 1500 என்றால் மட்டும் மேலே பேசுங்கள்.

அடுத்தது வருஷம். 1999-லிருந்து 2004 வரை இந்த 1500 வண்டிகளுக்குப் பின்னாலும் டிஸ்க் பிரேக். 2005-இல் பெரும்பாலானவற்றுக்கு டிரம்முக்குத் திரும்பிவிட்டார்கள். உங்களுடையது டிஸ்க் வண்டி, ஆகவே டிஸ்க் ஆக்சிலையே தேடுங்கள். டிரம் ஆக்சிலைக் கொண்டுவந்தால் ஹேண்ட்பிரேக் கேபிளிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் வரை ஒவ்வொன்றாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 1999-க்கு முந்தைய வண்டியின் ஆக்சிலும் வேண்டாம், அந்தத் தலைமுறையில் பின் சக்கர ஓட்ட வண்டிகளுக்குச் சக்கரத்தில் ஐந்து போல்ட், உங்களுடையதில் ஆறு. எந்த ஆக்சிலாக இருந்தாலும் டேப்பை எடுத்துப்போய்ப் பட்டை மேடைகளுக்கு நடுவிலான தூரத்தையும், சக்கரம் உட்காருகிற முகத்திலிருந்து முகம் வரையான அகலத்தையும், பினியன் முனையில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் யு-ஜாயின்ட் உட்காருகிற வாயின் அகலத்தையும் அளந்து உங்கள் வண்டியோடு ஒப்பிட்டுவிடுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

ரேஷியோவை உறுதி செய்ய, அந்த வண்டி இன்னும் அங்கே நின்றால் க்ளவ் பாக்ஸைத் திறந்து பாருங்கள். மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஜிடி5 என்றிருந்தால் 4.10. ஜிடி4 என்றால் 3.73. ஜியு6 என்றால் 3.42, உங்கள் வண்டியிலும் இதுதான் இருக்கும். ஜி80 என்றும் இருந்தால் லாக் ஆகிற டிஃபரன்ஷியல். ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள், இடையில் யாராவது ஆக்சிலை மாற்றியிருக்கலாம். மூடியைத் திறந்ததும் கிரவுனின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். 41-உம் 10-உம் தெரிந்தால்தான் 4.10.

மூடியைத் திறக்க விடாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்பு நண்பர் ஒருவரின் வண்டிக்கு 3.73 ஆக்சில் ஒன்று வாங்கினோம். கடைக்காரர் ஓட்டிப் பார்த்தது என்றார், வெளியே சுத்தமாக இருந்தது, நானும் சரி என்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மாட்டி முடித்து முதல் ஓட்டத்திலேயே 45 மைல் வேகத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஊங் என்று ஒரு முனகல். வளைவில் இடப்பக்கம் திரும்பினால் கூடியது, வலப்பக்கம் திரும்பினால் குறைந்தது. திரும்ப ஜாக்கி போட்டுத் திறந்து வலது ஆக்சில் ஷாஃப்டை உருவிப் பார்த்தோம். பேரிங் ஓடுகிற இடத்தில் ஷாஃப்டைச் சுற்றி ஒரு பள்ளம். கண்ணுக்கு வெறும் மங்கலான வளையம் போலத்தான் தெரிந்தது, நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கியது. ஷாஃப்ட், பேரிங், சீல், ஆயில் என்று மறுபடியும் செலவு. நண்பருக்கு ஒரு வார வேலை போயிற்று. அந்த ஷாஃப்டைக் கடையிலேயே உருவிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

இந்த ஆக்சிலில் பேரிங்குக்கு உள் வளையம் தனியாகக் கிடையாது. உருளைகள் ஷாஃப்டின் மேலேயே நேரடியாக ஓடுகின்றன. அதனால் பேரிங் தேய்ந்தால் ஷாஃப்டும் சேர்ந்து தேயும். உருவுவது கஷ்டமில்லை. டிஃபரன்ஷியலுக்குள் நடுவே ஒரு குறுக்குப் பின் இருக்கும், அதைப் பிடித்து நிறுத்துகிற சின்ன போல்ட்டைக் கழற்றிப் பின்னை வெளியே இழுத்தால், ஷாஃப்டை உள்நோக்கித் தள்ளும்போது அதன் முனையில் உள்ள சி வடிவ க்ளிப் கீழே விழுந்துவிடும். ஷாஃப்ட் வெளியே வந்துவிடும். அந்தச் சின்ன போல்ட் பழைய வண்டிகளில் உடைந்துபோகிற ரகம், அவசரப்படாமல் கழற்றுங்கள்.

திறந்ததும் முதலில் மூக்கை வையுங்கள். கியர் ஆயில் எப்போதும் நாறத்தான் செய்யும், ஆனால் கருகிய வாடை தனியாகத் தெரியும். அப்புறம் அடியில் உள்ள சின்னக் காந்தத்தை எடுத்து விரலால் தேயுங்கள். சாம்பல் நிறத்தில் பேஸ்ட் போல வந்தால் அது இத்தனை வருஷ ஓட்டத்தின் இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற துணுக்கு வந்தால் ஆக்சிலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கிரவுனைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றி ஒவ்வொரு பல்லின் முகத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பு நல்லது, சொரசொரப்பும் குழியும் நீல நிறமும் கெட்டது. பினியன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், துளியும் ஆடக்கூடாது. சுற்றுகிற திசையில் லேசாக டக் என்று அசைவது பேக்லாஷ், அது இருக்க வேண்டியதுதான்.

ஜி80 உள்ள ஆக்சில் என்றால் இன்னும் ஒரு நிமிஷம் கூடச் செலவழியுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நிமிஷத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் வேக வித்தியாசம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற ஈட்டன் இயந்திரம் அது. சுமார் 20 மைல் வேகத்துக்கு மேல் தானே பூட்டாது. ஈரப் புல்லில், படகுத் துறைச் சரிவில் நன்றாக உதவும். ஆனால் முரட்டுத்தனமாக ஓட்டிய வண்டியில் உள்ளேயே வெடித்து நொறுங்கியிருக்கும். கேரியரில் உள்ள ஜன்னல் போன்ற திறப்பு வழியாக உள்ளே பார்த்தால் பல் போன்ற சின்னப் பாகங்கள் தெரியும், எதுவும் உடைந்திருக்கக் கூடாது.

ஆக்சில் நன்றாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும், வண்டிக்கு அடியில் போகிறதற்கு முன்னாலேயே, இரண்டு பக்க ஆக்சில் சீலையும், பேரிங்கையும், மூடியின் கேஸ்கட்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். தரையில் உட்கார்ந்து செய்வது எளிது. பினியன் சீல் கசியவில்லை என்றால் அந்த நட்டைத் தொடாதீர்கள். நான் சொன்ன நசுங்குகிற ஸ்லீவ் அதன் பின்னால்தான் இருக்கிறது, கழற்றி இஷ்டத்துக்கு இறுக்கினால் பேரிங் இறுக்கம் போய்விடும்.

மாட்டுகிற நாளில் உயிர்ப் பிரச்சினை ஒன்று. ஸ்டாண்டை வண்டியின் சேசிஸுக்கு அடியில் வையுங்கள், ஆக்சில்தான் கழன்று வரப்போகிறது. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், ஏனென்றால் ஆட்டோமேட்டிக்கில் பார்க் போட்டிருந்தாலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் பார்க்குக்கு வேலை இல்லை, ஹேண்ட்பிரேக்கும் கழற்றப்போகிற ஆக்சிலில்தான் இருக்கிறது. ஆக்சிலின் எடை இரண்டு பேர் சேர்ந்தாலும் பத்திரமாகத் தூக்கக் கூடியது இல்லை. கியர்பாக்ஸ் இறக்குகிற ஜாக்கி ஒன்று வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பினியன் பக்கம் கனம் அதிகம், ஆக்சிலைப் பட்டையோடு பிடிக்கிற யு-போல்ட் கழன்றதும் மூக்கைக் குத்திக்கொண்டு திரும்பப் பார்க்கும், ஒரு பெல்ட்டால் ஜாக்கியோடு கட்டிவிடுங்கள்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் அதிலும் பினியன் வாயிலும் பெயின்ட் கோடு போடுவது வழக்கம், ஆனால் உங்களுக்கு வாய் புதிதாக வருவதால் அந்தக் கோடு பயன்படாது. ஓட்டிப் பார்த்து நடுக்கம் தெரிந்தால் ஷாஃப்டை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். யு-ஜாயின்ட் பழையது என்றால் இப்போதே மாற்றுங்கள். இதுவரை 80 மைல் வேகத்தில் 3,010 சுற்று சுற்றிக்கொண்டிருந்த ஷாஃப்ட் இனி அதே வேகத்தில் 3,610 சுற்றும். இதுவரை தெரியாமல் இருந்த தேய்மானமும் பேலன்ஸ் குறையும் இனி வெளியே வரும்.

யு-போல்ட்களைப் புதிதாக வாங்குங்கள். ஒரு முறை இழுத்து இறுக்கிய யு-போல்ட் நீண்டுவிடும், திரும்பப் பிடிப்பது பழைய பிடியாக இருக்காது. பட்டையின் நடு போல்ட் தலை, ஆக்சில் மேடையின் ஓட்டைக்குள் உட்கார்ந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கொஞ்சம் விலகி இறுக்கினால் ஆக்சில் கோணலாக நின்றுவிடும், வண்டி நண்டு போல ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசி இறுக்கத்தை வண்டி எடை சக்கரத்தின் மேல் வந்தபிறகு டார்க் ரெஞ்சால் கொடுங்கள். மூச்சுக் குழாயை, அதாவது ஆக்சிலின் தலையில் உள்ள வென்ட் ஹோஸை, மறக்காமல் மாட்டுங்கள். அது அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடிப் புது சீல் வழியாகவே ஆயில் வெளியே வரும். பிரேக் ஹோஸைப் பழையதை மாட்டாதீர்கள், இருபது வருஷ ரப்பர். காற்று எடுக்கும்போது வலது பின் சக்கரத்தில் தொடங்குங்கள். ஆயில் 75டபிள்யூ-90 சிந்தெடிக்.

இனி ஸ்பீடோமீட்டர். உங்கள் வண்டியில் வேகத்தை அளக்கிற சென்சார் கியர்பாக்ஸின் வால் பகுதியில் இருக்கிறது. அது எண்ணுவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சுற்றை. ஷாஃப்ட் இனி 20 சதவீதம் அதிகமாகச் சுற்றும், ஆகவே நிஜத்தில் 50 மைல் போகும்போது முள் 60 காட்டும், 65 போகும்போது 78. ஓடிய மைல் கணக்கும் அதே அளவு பொய்யாக ஏறும். ஏபிஎஸ்ஸுக்கும் பின் சக்கர வேகம் இதே சென்சாரிலிருந்துதான் போகிறது, முன் சக்கரங்களுக்கு மட்டும் தனி சென்சார். முன்னால் 50, பின்னால் 60 என்று செய்தி போனால் பிரேக் பிடிக்கும் நேரத்தில் அது எடுக்கிற முடிவை நம்ப முடியாது. அதனால்தான் மாட்டிய கையோடு என்றேன்.

பரிகாரம் எளிது. ஹெச்பி டியூனர்ஸ், ஈஎஃப்ஐ லைவ் போன்ற மென்பொருள் வைத்திருக்கிற ட்யூனர் யாரிடமாவது கொண்டுபோனால் கம்ப்யூட்டரில் ஆக்சில் ரேஷியோ என்ற இடத்தில் 3.42-ஐ 4.10 ஆக்கித் தருவார். கையில் பிடிக்கிற சின்ன ப்ரோக்ராமர்களிலும் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. ஆக்சில் மாட்டுவதற்கு முந்தைய நாளே நேரம் வாங்கி வைத்துவிடுங்கள். டயர் சைஸ் மாற்றியிருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். எழுதாமல் ஓட்டுகிறவர்கள் கியர் சீக்கிரமே மாறுகிறது என்று குறைபடுவார்கள். சாலை வேகத்தில் பார்த்தால் சீக்கிரம்தான், ஆனால் என்ஜின் ஆர்பிஎம் கணக்கில் பழைய இடத்திலேயே மாறுகிறது, ஏனென்றால் கம்ப்யூட்டர் பார்ப்பது ஷாஃப்டை மட்டும். சரியான ரேஷியோவை எழுதியபிறகு ஒவ்வொரு கியரையும் கொஞ்சம் கூடுதல் ஆர்பிஎம் வரை பிடித்து இழுக்கும், நீங்கள் செலவழித்த காசு அப்போதுதான் காலுக்குத் தெரியும்.

ஆக்சில் மாற்றினேன், ஸ்பீடோவில் ஒன்றுமே மாறவில்லை என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். 90-களின் ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் சென்சார் பின் ஆக்சில் ஹவுசிங்கின் தலையிலேயே உட்கார்ந்து கிரவுனோடு சுற்றுகிற வளையத்தைப் பார்க்கும். கிரவுன் சுற்றுவது சக்கரத்தின் வேகத்தில், ஆகவே ரேஷியோ எதுவானாலும் கணக்கு மாறாது. உங்கள் செவர்லேவுக்கு அது பொருந்தாது.

நாலு சக்கர ஓட்ட வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பின்னால் மட்டும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வரி. முன் டிஃபரன்ஷியலும் அதே ரேஷியோவாக இருக்க வேண்டும். முன்னால் 3.42, பின்னால் 4.10 வைத்து நாலு சக்கரத்தையும் இணைத்தால் ஒன்றை ஒன்று இழுத்து ட்ரான்ஸ்ஃபர் கேஸைத்தான் உடைக்கும்.

கதவு ஸ்டிக்கரில் போட்டிருக்கிற எடை வரம்பு, பிரேக், ஹிட்ச் எதுவும் இந்த மாற்றத்தால் கூடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ட்ரெய்லரில் தனி பிரேக் இருக்கிறதா என்று எழுதவில்லை. ஐயாயிரம் பவுண்டு என்றால் கட்டாயம் வேண்டும், ஏறும்போது உதவுகிற 4.10 அதே மலையில் இறங்கும்போது மூன்றாவது, இரண்டாவது கியரில் என்ஜின் பிரேக்கையும் கூட்டித் தரும் என்றாலும்.

முதல் ஓட்டம் ட்ரெய்லர் இல்லாமல் இருக்கட்டும். இருபது மைல் ஓட்டிவிட்டு நிறுத்தி, டிஃபரன்ஷியல் மூடியிலும் இரண்டு சக்கர ஹப்பிலும் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கையை எடுக்க வைக்கிற சூடு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்து பேரிங்கையோ ஹேண்ட்பிரேக் ஷூவையோ பாருங்கள். நூறு மைலில் யு-போல்ட்களை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் ஏறும். பழைய 3.42 ஆக்சிலை இரண்டு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள். புதிதாக வந்த ஆக்சிலின் ஷாஃப்டில் நான் சொன்னது போல வளையம் ஏதாவது கண்ணில் பட்டால், இந்த இரண்டு ஆக்சிலுக்கும் ஷாஃப்ட் ஒன்றேதான், உங்கள் பழைய ஷாஃப்டை உருவி அதில் போட்டுக்கொள்ளலாம்.